பதினேழாவது கிளிக்

"டிவி போட்டால் வரமாட்டேன் என்கிறது"
என்றார் ஃபோனில்.
கொஞ்சம் யோசித்து,
"வராமலும் இல்லை" என்றார்.

புந்தா அரீனாஸில் ஜூலை மாதம்.
காலை பத்துக்குத்தான் விடியும்,
ஐந்தரைக்கெல்லாம் தெருவிளக்கு.
காற்று தகரக் கூரைகளின் ஆணிகளை
ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போகிறது.
என் கடைப் பலகையில் 'எதெல்மீரா' வரை இருக்கிறது,
'கார்கமோ' எப்போதோ நீரிணைக்குள் போய்விட்டது.
இருபத்தோரு வருடம் இதே வேலை.
செத்த டிவி சுலபம்.
பிழைத்த டிவிக்கு நான் தேவையில்லை.
நடுவில் நிற்பதுதான் தொல்லை.

மேட்டு வீட்டில் இருவர்.
கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த ஸ்லாவ்கோ,
பள்ளிச் சமையலறையிலிருந்து வந்து
அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்த நெல்டா.

"பாருங்கள்."
ரிமோட்டை அழுத்தினார்.
சிவப்புப் பொட்டு பச்சையாயிற்று.
கிளிக்.
மூக்கு வரை வந்த தும்மல்
திரும்பிப் போன முகம் மாதிரி
திரை ஒரு கணம் சாம்பலாகி
மறுபடி கருப்பு.
கிளிக்.
கருப்பு.
கிளிக்.

"எண்ணுங்கள். ஜனவரியில் ஒன்பது.
போன மாதம் பதினான்கு.
இன்று பதினேழில் வரும்."
"சும்மா வராது" என்று
எழுந்துபோன நெல்டா
ஹேர் டிரையரோடு வந்தாள்.
கொஞ்சம் தன் முடிக்கு,
கொஞ்சம் டிவியின் முதுகுக்கு,
மறுபடி தன் முடிக்கு.
அவர் மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றினார்.
எட்டாவது கிளிக்கில் குடுவை அவள் கைக்குப் போனது.
பத்தாவதில் பக்கத்து வீட்டு நாயின் கால்.
பன்னிரண்டில்
அந்தோஃபகாஸ்தாவிலிருந்து மகன் அனுப்பாத பணம்.
பதினான்கில் "அனுப்புவான்".
பதினைந்தில் யாரும் பேசவில்லை.
பதினாறில் குடுவை அவரிடம் திரும்பியது.
பதினேழு.
வானிலை அறிவிப்பவர்
பாதி வாக்கியத்தில் பிறந்தார்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.
பத்து நிமிடம் யாரும் தொடக் கூடாது,
அணைந்த பெட்டிக்குள்ளும்
கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கும்.
பிறகு திருகாணிகள், பதினொன்று.
டிரையர் சூட்டில் பின்மூடியின் ஓரம்
உதடு பிதுக்கியிருந்தது.
உள்ளே, பவர் போர்டில்,
தட்டைத் தலையோடு நிற்க வேண்டிய
மூன்று கெப்பாசிட்டர்கள்
கல்யாணச் சாப்பாடு முடிந்த வயிறுகளாய்.

"குளிராலா?"
"குளிர் காட்டிக்கொடுத்தது. காரணம் வயது."
ஸ்லாவ்கோ முழங்காலைத் தடவிக்கொண்டார்.
நான் டிவியைத்தான் சொன்னேன்.

ஈயம் உருகும்போது
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"இவ்வளவு சின்னத் தீயா" என்றார்.
அதே மைக்ரோஃபாராட்,
வோல்ட் மட்டும் ஒரு படி கூட.
கோடு போட்ட கால் மைனஸில்.
இதை மாற்றிப் போட்டு ஒருமுறை
மேயர் அலுவலகத்தில் வெடிக்கவைத்திருக்கிறேன்,
அது வேறு கதை.

மூடினேன். பிளக்.
ரிமோட்டை நெல்டாவிடம் கொடுத்தேன்.

ஒரே கிளிக்.
படம்.

யாரும் உட்காரவில்லை.
அவர் கெட்டிலை அப்போதுதான் அடுப்பில் வைத்திருந்தார்.
அவள் இடுப்பில்
பழக்கத்தில் எடுத்துவந்த டிரையர்.
திரையில் ஒருவன் கார் விற்றுக்கொண்டிருந்தான்.
"வந்துவிட்டதே" என்றாள்,
நேரத்துக்கு முன்பே வந்து நிற்கும்
விருந்தாளியைப் பார்த்து.

பாதிக்குப் பணம்,
மீதிக்கு உறைந்த நண்டு இரண்டு.
ரசீதில் எழுதினேன்:
கெப்பாசிட்டர் மூன்று, கூலி.
வேறு எதற்கும் அதில் கட்டமில்லை.

படியிறங்கும்போது
சன்னலில் நீல வெளிச்சம்.
அணைந்தது. வந்தது.
அணைந்தது. வந்தது.
சோதித்துப் பார்க்கிறார்கள், எல்லோரும் செய்வதுதான்.
தெருமுனையில் மறுபடி திரும்பினேன்.
முன்னறை இருட்டு.
சமையலறையில் மட்டும் விளக்கு,
கண்ணாடி முழுக்க ஆவி.

நண்டுப் பை கனத்தது.
காற்று, இந்த ஒரு தடவை,
பின்னாலிருந்து தள்ளியது.