மைனஸ் நாற்பது

காலை ஆறரை.
ஓரெஸ்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
கூடவே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் புகை.
மீசையில் தொங்கிய பனிக்கட்டியைத் துடைக்கவில்லை.
சாட்சிக்கு வைத்திருந்தார் போல.

"எங்கே உன் வெப்பமயமாதல்?
கூப்பிடு அதை.
என் டிரக்கை ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்கச் சொல்."

சிக்ரூன் தலை நிமிரவில்லை.
"ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு
வீடு எங்கே எரிகிறது என்று கேட்கிறீர்கள்.
இருபது வருஷமாய் இதே ஜோக்."

நான் கல்லாவுக்குப் பின்னால்.
பெட்ரோல், பேட்டரி, தூண்டில் மீன்,
இந்த ஏரிக்கரையில் எல்லாவற்றுக்கும் ஒரே கடை.
சண்டைக்கு மட்டும் விலை ஒட்டவில்லை.

"அறுபத்தாறு மார்ச்சில்
ஜன்னல் வழியாக வெளியே குதித்தோம். கதவே தெரியவில்லை.
அப்போது யார் மேல் பழி போட்டோம்?"
"அது வானிலை. நான் சொல்வது காலநிலை."
"பேரை மாற்றினால் கால் விறைக்காதோ?"

துருவத்தில் சுழலும் காற்றுக்கு
இடுப்புக் கயிறு தளர்ந்துவிட்டது,
அதுதான் குளிர் இங்கே வரை வழிகிறது என்றாள்.
அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்து
என் மேசையில் வைத்தார்.
"சுட்டால் உன் கட்சி. விறைத்தாலும் உன் கட்சி.
பூ விழுந்தாலும் நீ, தலை விழுந்தாலும் நீ.
இதில் எனக்கென்று ஒரு பக்கம் காட்டு."

அவள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்த நாணயத்தை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் பழைய வெப்பமானி, இரண்டு அளவுகோல்.
மைனஸ் நாற்பதில் மட்டும்
செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணில் நிற்கும்.
இவர்கள் அங்கேயும் நிற்பதில்லை.

மூலையில் ஃபேன் பெல்ட் தேடிக்கொண்டிருந்தான் டெல்மர்,
கிழக்குக் கரைக்காரன், ஸ்னோமொபைலில் தனியாக வந்தவன்.
திரும்பாமலே கேட்டான்:
"பாதை என்றைக்குத் திறக்கும்?
பள்ளிக்கூடத்து டீசல் ஒன்பது நாளைக்குத்தான்."

பேச்சு நின்றது.
ஏரியில் துளை போட்டு அளப்பது சிக்ரூனின் வேலை.
அந்தப் பாதையில் லாரி ஓட்டுவது ஓரெஸ்ட்டின் பிழைப்பு.

அவள் நோட்டைப் பிரித்தாள்.
"பத்தொன்பது அங்குலம். நேற்றும் பத்தொன்பது."
"இந்தக் குளிரிலா?"
"டிசம்பர் பாதி வரை அலை அடித்தது.
தோல் போல உறைந்ததும் மேலே வெண்பனி கொட்டியது,
இரண்டடிக் கம்பளி.
மேலே நாம் விறைக்கிறோம்.
அடியில் ஏரி கதகதப்பாகத் தூங்குகிறது."

முப்பத்தெட்டு இல்லாமல் லாரி இறங்க முடியாது.
அது மூவருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

ஓரெஸ்ட் மீசையைத் துடைத்தார்.
நீர் சொட்டி நாணயத்தின் மேல் விழுந்தது.
"அப்படியானால் கம்பளியை உருவ வேண்டும்.
என் சின்ன ட்ராக் வண்டி கனமில்லை, பத்தொன்பது தாங்கும்.
ஆனால் முதலில் டிரக் உயிர் பெற வேண்டும்."
"கேபிள் என் காரில் இருக்கிறது."
"உன் பேட்டரிக் காரிலா?"
"ஆமாம். என் பேட்டரிக் காரில்."

டெல்மர் பெல்ட்டை என் முன் வைத்தான்.
"யார் ஜெயிப்பார்கள், வழக்கமாக?"
மீதிச் சில்லறையை எண்ணுவதுபோல் எண்ணினேன்.

வெளியே, உறைந்த கண்ணாடிக்கு அப்பால்,
இரண்டு பானெட்டும் திறந்து கிடந்தன.
சிவப்புக் கிளிப் அவர் கையில், கறுப்பு அவள் கையில்.
சத்தம் கேட்கவில்லை.
இரண்டு வாயிலிருந்தும் ஆவி, மாறி மாறி,
பிறகு ஒரே நேரத்தில்.
முடிந்தபாடில்லை.

நாணயத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.
சிக்ரூன் காபிக்குக் காசு தரவில்லை.
சரி, கணக்கு நேர் என்று
கல்லாவில் போட்டேன்.