பத்து வரை

பிள்ளைக் காம்பராவில் எனக்கொரு சட்டம் உண்டு.
விழுந்த பிள்ளையைத் தூக்கும் முன்
பத்து வரை எண்ண வேண்டும்.
பாதிப் பேர் நாலிலேயே எழும்பிவிடுவார்கள்.
சிலதுகள் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கும்,
யாரும் கவனிக்கவில்லையென்றால்
அழுகையை விழுங்கிக்கொண்டு
மறுபடி பந்தின் பின்னால் போகும்.
எது வலி, எது பயம், எது சும்மா என்று
கதவுக்கு வெளியே நின்றே சொல்லுவேன்.
பத்தொன்பது வருஷம்.
லிந்துலைக்கு மேலே எங்கள் டிவிசனில்
இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிற கால்களில் பாதி
என் சிமெந்துத் தரையில் விழுந்த கால்கள்.

நாலரைக்குக் கொழுந்து நிறுத்துப் போட்டு
ஈரச் சாக்கு இடுப்போடு தாய்மார் வந்து
ஆளுக்கொன்றாய் அள்ளிக்கொண்டு போனபின்
காம்பராவைப் பூட்டுவேன்.
சட்டமும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும்.

டிலோஜனுக்குப் பதினாலு வயசு.
அவன் பிரஷில் பற்பசை வைப்பது நான்.
மீனில் முள் எடுப்பது நான்.
மழை வருவதற்கு முந்தியே
குடையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பது நான்.
கிரிக்கெட்டில் அவனை அவுட் என்று சொன்ன
கீழ் லயத்துப் பையனின் வீட்டுக்குப் போய்
நியாயம் கேட்டதும் நான்தான்.
அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மார்ச்சில் அவனுக்குக் காய்ச்சல்.
இரண்டு கிழமைப் பாடத்தை
நான் அவன் கொப்பியில் எழுதினேன்.
காய்ச்சல் விட்டது, நான் விடவில்லை.
எட்டாம் வகுப்போடு நின்றவள்
அவன் கொப்பியில் ஒன்பது பாஸானேன்.
'அழகான எழுத்து' என்று
பவளராணி டீச்சர் சிவப்பு மையில் போட்டிருந்தார்.
அந்தப் பக்கத்தை மூன்று தரம் திறந்து பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, ஆறுகளின் படம்.
நீலப் பென்சிலைச் சீவி வைத்திருந்தேன்.
அவன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
"அம்மா, இத நானே கீறுறேன்.
டீச்சருக்குத் தெரியும்,
மொதல்ல இருந்தே தெரியும்."
மெதுவாகத்தான் சொன்னான்.
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

இலங்கை ஒரு நசுங்கிய பேரிக்காயாய் வந்தது.
மகாவலியை மேற்கே திருப்பி
புத்தளத்தில் கடலுக்குள் விட்டான்.
பத்துக்கு நாலு.
சோற்றுப் பருக்கையை மசித்து
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்
சுவரில் ஒட்டியும் வைத்தான்,
பரிசு வாங்கினவன் மாதிரி.

அன்றிரவு அவன் தூங்கினபின் எழும்பினேன்.
உள்ளங்கையில் அழிறப்பர்.
என் காம்பராக் குழாயடியில்
பால் போத்தல் கழுவின தண்ணீர்கூட
கானில் விழுந்து, ஓடையில் விழுந்து,
கொத்மலை ஓயாவைப் பிடித்து
திருகோணமலைக்குத்தான் போகும்.
எட்டோடு நின்றவளுக்கும் தெரியும்.
ஒரு சாண்கூட இல்லை, கிழக்கே ஒரு கோடு.
டிலோஜனுக்குத் தெரியவே வராது.
டீச்சருக்கும் தெரிய வராது என்றுதானே
அப்போதும் நினைத்திருந்தேன்.

ஒன்று.
அவன் புரண்டு படுத்தான்.
போர்வைக்கு வெளியே வந்த கால்
என் காலைவிட நீளம்.
எப்போது?
இரண்டு. மூன்று.
தகரத்தில் மழை பிடித்தது.
நாலு.
ஐந்து.

ஆறு
அது பாட்டுக்குப்
புத்தளம் போய்க்கொண்டிருந்தது.
அதற்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை.

அழிறப்பரை அவன் பெட்டியில் போட்டேன்.
போர்வையை மட்டும் கால்வரை இழுத்துவிட்டேன்.
அது குளிருக்கு.