முன்பக்கம், இரண்டு

பில்லில் "முன்பக்கம், இரண்டு" என்றிருக்கிறது.
பெட்டியைப் பிரித்தால் பின்பக்கத்துடையவை.
நிஸ்தார் என்னைப் பார்த்தான்.
நான் மஸ்கெலியா மழையைப் பார்த்தேன்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
சில்லுக்குக் கல் வைத்துவிட்டுக்
கீழே புகுந்தான்.

நாலு சில்லும் இழுக்கிற லொறி,
ஒரு நட்டு அசையமாட்டேன் என்கிறது.
மண்ணெண்ணெய் ஊற்றி, பிளேன்டி குடித்து,
குழாய் சொருகி நீட்டிய ஸ்பேனரில்
இரண்டு பேரும் தொங்கினோம்.
பதினான்கு வருஷத் துரு கத்திக்கொண்டு விட்டது.
அதே நேரம் என் கணுக்காலிலிருந்து
அட்டையும் கழன்று விழுந்தது,
வயிறு நிறைந்து.

பழைய ஷொக்கை அமுக்கினேன்.
போனது. திரும்பி வரவில்லை.
எண்ணெயை எந்த முடக்கில் சிந்தியதோ.
புதியதன் கட்டை வெட்டியதும்
தானாக, மெல்ல நீண்டது,
இரவு வேலை முடித்தவன் கால் நீட்டுவதுபோல.

"இப்பவே இறுக்காதே.
பாரம் நிலத்துக்கு இறங்கட்டும்" என்றான்.

பின்னால் கொழுந்து மூட்டைகளோடு
பதினெட்டுப் பேர் வருவார்கள்.
போன மாதம் ஆறாம் நம்பர் மலையில்
சவரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்;
மூன்று நாள் கஞ்சி,
ஒரு வாரம் யாரையும் ஏசவில்லை.

முன்சீட்டில் சின்னத்துரை.
நாளைக்கு அவர் தலை கூரையில் இடிக்கும்.
எனக்கும் இடிக்கும்தான்,
எனக்குப் பிடிக்க ஸ்டியரிங் இருக்கிறது.
"என்ன டிரைவர், புதுசு போட்டுமா இப்படி?"
பாதை சேர், பாதை.

ஆறு வருஷமாக நாங்கள் எழுதிய கடிதம்.
அவருடைய கையெழுத்து நல்ல கையெழுத்து.

நிஸ்தார் கையைத் துடைத்தான்.
"அப்ப முன்னுக்கு எப்ப?"
ஜேக்கை இறக்கு, என்றேன்.