நாளைக்குப் புறப்படலாமா

பெயர் கேட்டது பெட்டி.
எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது.
திருநாவுக்கரசு
திருநாவ் ஆனேன்.
ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு.

சுவா சூ காங்கில் பதினோராம் மாடி.
பகலெல்லாம் பிறர் வீட்டு மாடிகளுக்கு
மின்தூக்கி பழுதுபார்த்துவிட்டு வந்து
மின்விசிறிக்கு அடியில், பனியனோடு,
கிரீஸ் போகாத விரல்களால்
ஒரு பனிநாட்டைக் கடந்துகொண்டிருந்தேன்.
கூட ரோவன்.
இடக்காலைச் சற்றே இழுத்து நடப்பவன்.
முதல் நாள் என்னைத் திருடன் என்றான்.
ஐந்தாம் நாள் தன் ரொட்டியில் பாதி தந்தான்.
ஓநாய்கள் வந்த இரவில்
எனக்கு முன்னால் போய் நின்றான்.
இங்கே நான் சோபாவை விட்டு எழுந்து நின்றேன்.

கோப்பிக்கடையில் கெங் ஹோ
போட்டு உடைத்தான்:
"அந்தக் கால் இழுக்கிறவன் செத்துருவான் லா,
கணவாய்க்கு அப்புறம்."
அவன் கோப்பி-ஓவில்
கரண்டி சுற்றுவது நிற்கவில்லை.

அன்றிரவு நான் கணவாய்க்குப் போகவில்லை.
ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தேன்.
மீன் பிடித்தோம்.
மூன்று வாரம் மீன் பிடித்தோம்.
உலகத்தைக் காப்பாற்றும் வேலை
திரையின் மூலையில் மஞ்சளாகச் சிமிட்டியது.
சிமிட்டட்டும்.
ரோவனிடம் மிச்சமிருந்தவை நாலே வாக்கியங்கள்.
தண்ணீர் குளிர்கிறது.
என் தங்கைக்கு மீன் பிடிக்காது.
நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
நாளைக்குப் புறப்படலாமா?
அவன் பேசியது ஆங்கிலம்தான்.
எனக்கு இப்படித்தான் கேட்டது.
சில இரவுகளில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போவேன்.
மூன்று மணிக்கு விழித்தால்
சொன்னபடி அவன் விழித்திருப்பான்.

மின்தூக்கிக்குள் ஆள் சிக்கிக்கொண்டால்
வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும்.
பேர் என்ன. சாப்பிட்டாச்சா.
பயப்படாதீங்க. இதோ ஆச்சு.
கதவு திறக்கும்வரை
என்னிடம் இருப்பதும் நாலுதான்.
திரும்பத் திரும்பச் சொல்வதால்
அவை பொய்யாகிவிடுவதில்லை.

வாசுகி துணி மடித்துக்கொண்டே பார்ப்பாள்.
"எதுக்கு இவன் இப்படிக் காத்துக் கிடக்கான்?"
பதில் சொல்லவில்லை.
இன்னொரு நாள்,
"ஒரு கம்பளி கொடுங்க அவனுக்கு."
கொடுப்பதற்குப் பொத்தான் இல்லை என்றேன்.
என்னைப் பார்த்தாள்,
இருந்தும் மறைக்கிறவனைப் பார்ப்பதுபோல.

வெள்ளிக்கிழமை, இரவு வேலை முடிந்து
விடியுமுன் வீடு வந்தேன்.
கூடத்தில் விளக்கில்லை. திரையில்
யார் யார் பெயரோ மேலேறிக்கொண்டிருந்தது.
மடியில் கன்ட்ரோலர்.
வாசுகியின் மூக்கு சிவந்திருந்தது.
"அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்.
எத்தனை நாள்தான்
பதில் சொல்லாம உட்கார்ந்திருக்கிறது?"

கோபம் வருமென்று சற்று நின்றேன்.
சாவிக்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கீழே முதல் பேருந்து
ஆளில்லாத நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.
"பனி பெய்ததா?" என்றேன்.
"மழை."

வேறெதுவும் கேட்கவில்லை.
மைலோ கலக்கினேன், இரண்டு கோப்பை.
வாங்கிக்கொண்டவள் குடிக்கவில்லை.
"உங்க பேரைத்தான் கூப்பிட்டான்,
கடைசியா.
திருநாவ்னு எழுத்து வந்துச்சு.
முழுசாச் சொல்ல முடியலை அவனால."