பாசி அறிவிப்பு

நாப்பனிக்கு வடக்கே நாற்பது நிமிடம்.
செல்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்த பிறகு
ஓர் ஏரி, பன்னிரண்டு கேபின்கள்,
கயிறு கட்டி மறித்த வாசல்.
பலகை முழுக்க ஐரிஷ்.
கீழே ஒரே ஒரு வரி மட்டும் எனக்குப் புரிய:
உங்கள் ஆங்கிலத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு வரவும்.

விட்டேன்.
ஐஸ் பெட்டியும் ஆறு குப்பிகளும் கையில்.
சுகாதாரத் துறையில் எனக்கு
ஆங்கிலத்தைக் கழித்தால் மிஞ்சுவது
சட்டைப்பையில் தைத்த பெயர்தான்.

இடுப்பளவு நீரில் பிள்ளைகள்.
கரையோரம் நீலப்பச்சையாய்
யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி.
என்னையறியாமல் கத்திவிட்டேன்:
"ஏறுங்க, ஏறுங்க! பாசி! விஷம்!"
ஸ்கார்பரோவில் பேருந்துக்கு ஓடும்போது
தங்கையைக் கூப்பிடும் அதே தொண்டையில்.

ரூரி என்பவர் வந்தார்,
கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கோடு.
ஏரியைக் காட்டி "இஷ்கே?" என்றார்.
குப்பியை வெயிலில் தூக்கிக் காட்டினேன்.
பார்த்தார்.
"நீல்" என்றார்.
நீலம்தான், ஆமாம், என்று தலையாட்டினேன்.
மறுபடி, பிள்ளைகள் பக்கம் திரும்பி, உரக்க:
"நீல்!"

நான் நின்றேன்.
பிள்ளைகளும் நின்றார்கள்.
தண்ணீர் மட்டும் அசைந்தது.

வண்டியடியில், கயிற்றுக்கு வெளியே வந்து,
அவர் ஆங்கிலத்தில் சொன்னார்:
எங்களிடம் ஆமாம் இல்லை கிடையாது.
நல்லதா என்று கேட்டால்
இருக்கிறது, அல்லது இருக்கவில்லை.
இருக்கவில்லைக்கு நீல்.
இருக்கிறதுக்கு?
"தா."

சிரித்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.
முப்பது வருடம் பெல்வில்லில் குழாய் மாட்டியவர்,
அறுபதில் இந்த மொழியைப் படிக்கத் தொடங்கினாராம்.
யாரும் தரவில்லை, எடுத்துக்கொண்டேன் என்றார்,
உருளைக்கிழங்குத் தோலைப் பையில் போட்டபடி.

பலகை நட்டோம். மண் கல்லாய் இருந்தது.
ஆங்கிலம், பிரெஞ்சு, அதன்மேல் மார்க்கர் பேனாவில்
ஒரு சிறுமி எழுதிய பெரிய நீல்,
அதன் ஓரத்தில் மண்டையோடு ஒன்று.
வாத்துகள் எதையும் படிக்கவில்லை.
பாசிக்குள்ளேயே இறங்கின.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
எச்சரிக்கை எந்த மொழியில் வழங்கப்பட்டது?
இரண்டு கட்டங்கள்.
பேனா நுனியை முதல் கட்டத்தில் வைத்தேன்.
பிறகு எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி கேட்டார்:
இது ஏன் காலி?
வாய்க்கு வந்ததை அப்படியே சொன்னேன்.
ஆமாமும் இல்லை,
இல்லையும் இல்லை.