இடது பக்கம் போகும் படகு

நெரிஞ்சிப்பேட்டையில் வாங்கி
அந்தியூர், அத்தாணி, சத்தி வழியாக
டாட்டா ஏஸில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தேன்.
வெளியே நீட்டிய மூக்கில் சிவப்புத் துணி.
அத்தாணி டீக்கடையில் ஒருவர் தட்டிப் பார்த்து
"எத்தனை பேரு உக்காரலாமுங்?" என்றார்.
தெரியாதுங்க, இப்பத்தான் வாங்கினது.

அங்கேதான் அதைக் கண்டேன்:
படகின் அடியில், பிசின் பூசி ஒட்டிய
ஒரு முழத் தகடு.
நடுவில்தான் இருந்தது, நேராக இல்லை.
ரிக் லாரியில் பதினோரு வருஷம்
சத்தீஸ்கர் பாறையில் ராடு இறக்கியவன் நான்.
அரை டிகிரி சாய்ந்தால் கண் உறுத்தும்.
இது நாலு டிகிரி.
அவசரத்தில் ஒட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பவானிசாகரில் இறக்கிய பின்
மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.
உட்காரும் பலகையின் நடுவே
பிறை வடிவில் ஒரு வெட்டு,
உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தது.
முனையில் நாலு இஞ்சு பிவிசி குழாய்த்துண்டு, மூடி போட்டு.
திறந்தால் புளியங்கொட்டை. நாற்பத்தொன்று.
இரண்டு தரம் எண்ணினேன்.

ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி.
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனுக்கு
முன்பக்கம் காட்டக் கண்ணாடி வேண்டும்தான்.
இது தரையைப் பார்த்தது.
திருப்பலாம் என்றால் வெல்டிங்.
அந்தச் சின்னக் கண்ணாடிக்கு
போர்வெல் பம்பைத் தாங்குகிற போல்ட்.

பலகைக்கு அடியில் ஒரு காலிங்பெல் சுவிட்சு.
ஒயர் மூணடி ஓடி,
டேப் சுற்றி, மடித்து,
எதிலும் சேராமல் முடிந்தது.
அழுத்தினேன்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு தரம்.

ஆனால் தொல்லை கொடுத்தது அந்தத் தகடுதான்.
எங்கே திருப்பினாலும் படகு இடது பக்கம் போனது.
வலையை ஓரிடத்தில் நினைத்தால்
வேறொருவர் வலை மேல் போய் நின்றேன்.
"கண்ணு தெரியாதா உனக்கு?" என்று
தேவண்ணன் மூணு நாள் கத்தினார்.
நாலாம் நாள் அவரே விலகிக்கொண்டார்.

சென்னியப்பனுக்குப் போன் போட்டேன்.
திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி வாசலில்
காவலுக்கு இருக்கிறாராம்.
கண்ணாடி?
"அது எனக்கு முன்னால வெச்சிருந்த ஏமனூர்க்காரரு பண்ணுனதுங்.
நானும் கேக்கோணும்னே இருந்தனுங்."
புளியங்கொட்டை?
"அது இன்னுமா இருக்குது?"
சுவிட்சு?
"அழுத்திப் பாத்தீங்களா?"
பார்த்தேனுங்க.
"ம்."

தகடுக்கு மட்டும் குரல் நிமிர்ந்தது.
"நாந்தானுங் ஒட்டுனது. சரியா ஒரு மாசம் அளந்து.
பூலாம்பட்டிக்குப் போவீல காவேரி வலது பக்கம் தள்ளும்,
அதுக்குத் தக்கன இடது பக்கம் வெச்சுட்டா
தண்ணி தள்ளத் தள்ள நேரா அக்கரை.
கையே வலிக்காது."

இந்த அணைத் தண்ணீர் எதையும் தள்ளுவதில்லை.
அங்கே நேராக இருந்தது
இங்கே வந்து கோணலாகிவிட்டது.
வைக்கப்போனவன், ரிக் புத்தி, கேட்டேன்:
அப்ப திரும்பி வரும்போது, சென்னியப்பன்?
அப்போது தகடும் ஆறும் ஒரே பக்கம் இழுக்குமே,
அரை மைல் கீழே போய்த்தானே கரை சேருவீங்க?

பின்னால் ஷிப்ட் மணி அடித்து, 
வண்டிகள் கிளம்பும் சத்தம்.

"வரும்போது எனக்கு அவசரமில்லீங்க" என்றார்.

கிரைண்டரை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.
ஆடி போய் ஆவணியும் போகப் போகிறது.
பின்பக்கம் பார்த்து உட்காருவதால்
படகின் இடது எனக்கு வலது.
அந்தக் கை மட்டும் கூடுதலாக இழுக்கிறது.
பழனாத்தாள் நேற்று சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.
"ஏனுங், எல்லாச் சட்டையும்
இந்த ஒரு தோள்லயே எப்பிடிக் கிழியுது?"