முன்பே இருந்தவை

ரமலான் முடிந்த வாரம்
பதினோரு பேரீச்சங்கொட்டைகளை விழுங்கியிருந்தாள்.
எக்ஸ்ரேயில் பார்த்தால்
யாரோ வயிற்றில் ஒளித்துவைத்த சோழிகள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் திர்ஹம்.
தவணையில் கட்டலாமா என்று கேட்டேன்.
கவுண்டர் பெண் சிரிக்கவில்லை,
அது அவளுடைய நல்ல குணம்.

அன்றிரவே முடிவானது:
பக்கோடாவுக்குக் காப்பீடு.

அல் நஹ்தா. சாலைக்கு அந்தப் பக்கம் துபாய்,
இந்தப் பக்கம் ஷார்ஜா, வாடகை குறைவு.
ஆறாவது மாடி வீட்டின் ஒரே மேசையில்
மூன்று கம்பெனிகளையும் பரப்பி வைத்தோம்.
மலிவானது ஆண்டுக்கு அறுநூற்று நாற்பது:
விபத்து மட்டும். நோய் வந்தால் அது உங்கள் பாடு.
நடுவில் இருப்பது ஆயிரத்து நூற்று எண்பது:
ஒவ்வொரு முறையும் முதல் ஐந்நூறு நம்முடையது,
பதினான்கு நாள் காத்திருப்பு,
அதுவரை நோயும் பொறுத்திருக்க வேண்டும்.
மூன்றாவதன் விலையை வளவன் வாய்விட்டுப் படித்தான்,
பிறகு கமா எங்கே இருக்கிறதென்று
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

அதில் பல் சிகிச்சையும் உண்டு.
என் கம்பெனி அட்டையில் பல் கிடையாது.
கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டுதான்
அந்த வரியைப் படித்தேன்.

இனம் என்று ஒரு கட்டம்.
கொஞ்சம் சலூக்கி, மீதி யாரென்று தெரியாது,
காதுகள் ஒரு கட்சி, வால் வேறு கட்சி.
வயது நான்கு இருக்கலாம்.
ஏழென்றால் பிரீமியம் ஏறும்.
நான்கு என்றே எழுதினோம்,
பல்லைப் பார்த்த டாக்டர் ஃபர்ஹானா
எதிர்த்து எதுவும் சொல்லவில்லை.

முன்பே இருந்த நோய்கள்:
வலது பின்னங்கால்.
ஏசி அதிகமானால் நொண்டும்.
மறைத்துவிடலாமே என்றான் வளவன்.
மறைத்தால் அந்தக் காலுக்கு மட்டுமல்ல
நாலு காலுக்கும் தரமாட்டார்கள் என்றேன்.
ஏஜென்ட் ஷினோஜ் போனில் சொன்னான்:
'சேச்சி, உள்ளதை எழுதுங்கோ, பின்னே உறங்கலாம்.'

எல்லாம் எழுதி முடித்த பிறகு
சிப் எண் கேட்டார்கள்.
கழுத்துத் தோலுக்கடியில் பதினைந்து இலக்கம்.
அதில் அவள் பெயர் லூனா.
உரிமையாளர்: ஹாலா ரிஸ்க், 604.

டிசம்பரில் போனார்கள். கணவருக்கு வேலை போய்விட்டது.
சோபா யாருக்கோ, ஃபிரிட்ஜ் வாட்ச்மேன் ரஃபீகுலுக்கு,
நாய் எங்களுக்கு, 'இரண்டே வாரம்.'

பெயர் மாற்ற அவர் சம்மதம் வேண்டும்.
கணக்குப் பார்க்காமல் ஒரு வரி அனுப்பினேன்.
மூன்றாம் நாள் ஸஹ்லேயிலிருந்து பதில்,
ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி, குரலாக.
ஒரு கையில் ஈரப் பாத்திரம்,
யோசிக்காமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

அரபி எனக்கு அரைகுறை.
நடுவில் இரண்டு முறை லூனா வந்தது.

பாயிலிருந்து எழுந்தாள்.
நொண்டவில்லை.
நேராகப் போய்க் கதவடி இடுக்கில்
மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டாள்.
லிஃப்ட் வந்தது. யாரோ இறங்கினார்கள். சாவிச் சத்தம் வேறு கதவில்.
இன்னொரு முறை வந்தது.
நான் விளக்கை அணைக்கவில்லை.
பதினோரு மணி இருக்கும்,
போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தரை ஜில்லென்று இருந்தது.
வாலை அசைத்தாள், மரியாதைக்கு, ஒரே ஒரு தடவை.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
ஷினோஜிடம் கேட்கவில்லை.

அலைந்து முடிக்க ஜூன் ஆகிவிட்டது.
நடுவில் இருந்ததைத்தான் எடுத்தோம்,
நடுவில் இருப்பவர்கள் வேறு எதை எடுப்பார்கள்.
பெயர் என்ற இடத்தில்,
ஊரில் பத்திரம் எழுதுவது மாதிரி,
'லூனா என்கிற பக்கோடா'
என்று முழுதாக எழுதினேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
பாங்கு முடிந்ததும் இறங்கினோம்.
நடைபாதைக் கல்லில் புறங்கை வைத்துப் பார்த்தேன்,
அவள் பாதம் தாங்கும்.
ரஃபீகுல் வழக்கம்போல எங்களைப் பார்க்காமல்
கதவை மட்டும் திறந்துவிட்டார்.
சிக்னல் அருகே ஈச்சமரத்தடியில்
உதிர்ந்து கிடக்கின்றன, பாதி பழுத்தவை.
மூக்கு அங்கேதான் போகிறது.

கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கிறேன்.
இன்னும் ஐந்து நாள், தாயே,
ஐந்தே நாள்.